சீஸைக் கருவாடு மாதிரி சமையுங்கள்

(சங்கத்தின் சென்ற காலாண்டுக் கூட்டம் முடிந்ததும் மொட்டை மாடியில் செய்து காட்டியபடி பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் அளவுகளைக் கேட்டதால் அவற்றையும் சேர்த்திருக்கிறேன்.)

காற்று பலமாக இருக்கிறது, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள். மேஜையில் இண்டக்‌ஷன் அடுப்பு, தோசைக்கல், பணியாரச் சட்டி இருக்கின்றன. பேசிக்கொண்டே செய்கிறேன். தட்டு கடைசியில்தான் வரும். முதலில் கொடுத்தால் பாதிப் பேர் இறங்கிவிடுவீர்கள் என்று செயலாளர் சாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் சமையல் படித்தவள் இல்லை. இந்தப் பேச்சுக்குக் காரணம் ஒரு குருமா.

இரண்டு மாதத்துக்கு முன் நம் கட்டடத்தில் ஏழு வீடுகள் சேர்ந்து, கையால் செய்கிற சீஸ் வரவழைத்தோம். கூரியர் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றுதான் கூட்டாக வாங்கினோம். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பை சுற்றி வந்தது. என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, தராசில் நிறுத்து, வீட்டுக்கு 200 கிராம் என்று பிரித்துக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து ஃபோன் வர ஆரம்பித்தது.

முதல் ஃபோன்: "அக்கா, காய்கறிக் குருமாவுல போட்டேன். எண்ணெய் தனியா மிதக்குது, சீஸ் அடியில சூயிங் கம் மாதிரி கெடக்கு, உப்பு வாயில வைக்க முடியல." இரண்டாவது வீட்டில் பத்திரமாக இருக்கட்டும் என்று ஃப்ரீசரில் வைத்திருக்கிறார்கள். வெளியே எடுத்ததும் பொரி மாதிரி உதிர்ந்துவிட்டது. மூன்றாவது வீட்டில் உறையைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, கெட்டுப்போய்விட்டது என்று குப்பையில் போட்டுவிட்டார்கள். அந்த மூன்றாவது வீட்டை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை. யார் என்று சொல்ல மாட்டேன், முன் வரிசையில் இருக்கிறார்கள்.

மூன்று வீட்டிலும் நடந்தது ஒரே தவறுதான். கடையில் வாங்குகிற ஸ்லைஸ் சீஸை நடத்துகிற மாதிரி இதையும் நடத்திவிட்டோம். ஸ்லைஸும் க்யூபும் பதப்படுத்தப்பட்ட சீஸ். சீஸை உருக்கி, குழம்பாகச் சேர்ந்து நிற்பதற்கென்று பாஸ்பேட், சிட்ரேட் போன்ற உப்புகளைச் சேர்த்து மறுபடி அச்சில் ஊற்றியது. அதனால்தான் எத்தனை சூட்டிலும் வழவழப்பாக உருகும். கெட்டது என்று சொல்லவில்லை. என் பேரனுக்கு நானே வாங்கித் தருகிறேன். ஆனால் கையால் செய்து பழுக்க வைத்த சீஸில் அந்த உப்புகள் கிடையாது. பாலில் உள்ள புரதமும் கொழுப்பும் மட்டும்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். கொதிக்கிற குழம்பில் போட்டால் புரதம் இறுகிக் கட்டியாகும், கொழுப்பு பிழிந்துகொண்டு மேலே வரும். தக்காளிப் புளிப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்த இடத்தில் சின்ன நிறுத்தம். சீஸுக்குத் தமிழில் 'பாலாடைக்கட்டி' என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். எனக்கு அந்தச் சொல்லோடு கொஞ்சம் சண்டை. பாலாடை என்பது காய்ச்சிய பாலின் மேல் படிகிற ஏடு. சீஸ் ஏட்டிலிருந்து வருவதில்லை, பால் உறைந்து, தண்ணீர் வடிந்து, மிஞ்சுகிற கட்டி அது. பால்கட்டி என்றாலே போதும். இன்றைக்கு நான் சீஸ் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

தோராயமாக ஒரு கிலோ கெட்டிச் சீஸுக்குப் பத்து லிட்டர் பசும்பால் வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் வீட்டுக்கு வந்த 200 கிராம் என்பது இரண்டு லிட்டர் பால். அதோடு உறைய வைப்பது, வடிப்பது, அழுத்துவது, உப்பிடுவது, வாரக்கணக்கில் மாதக்கணக்கில் குளிர்ந்த அறையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் போடுவது என்று ஆள் வேலை. விலை ஏன் அப்படி என்று கேட்டவர்களுக்கு இதுதான் கணக்கு.

நம் ஊர்ப் பக்கமே இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கொடைக்கானல் சீஸ் பலருக்குத் தெரியும். ஆரோவில்லில் லா ஃபெர்ம் இருக்கிறது. 'கயாமத் சே கயாமத் தக்' படத்தை இயக்கிய மன்சூர் கான் சினிமாவை விட்டுவிட்டு குன்னூரில் பண்ணை போட்டு சீஸ் செய்கிறார், பண்ணைக்குப் பெயர் ஏக்கர்ஸ் வைல்ட். சென்னையிலேயே 2016-இல் நம்ரதா சுந்தரேசன், அனுராதா கிருஷ்ணமூர்த்தி என்று இரண்டு பெண்கள் 'கேஸெ' என்ற பெயரில் தொடங்கினார்கள். சிலிண்டர் இல்லை, ஜெர்மன் மொழியில் சீஸுக்கு அதுதான் பெயர். காது கேளாத, வாய் பேச முடியாத பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களை வைத்தே செய்கிறார்கள். மும்பையில் எலெஃப்தீரியா என்ற சிறு நிறுவனம் செய்த ப்ரூனோஸ்ட், 2021-இல் உலகச் சீஸ் போட்டியில் வெள்ளிப் பரிசு வாங்கியது. அது பால் திரிந்து வடிகிற தண்ணீரை நிறம் மாறச் சுண்டக் காய்ச்சிச் செய்வது. நார்வே நாட்டுப் பண்டம். வாயில் போட்டால் நமக்குப் பால்கோவாவின் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும்.

சரி, குருமாவுக்கு வருகிறேன். அந்தக் குருமா விஷயத்தை இரண்டாவது மாடி அக்காவிடம் சொல்லிப் புலம்பினேன். அவர்கள் பிறந்த வீடு இங்கே நெட்டுக்குப்பத்தில்தான். ஒரு துண்டு சீஸைக் கிள்ளி வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் மென்றார்கள். "இது நம்ம சென்னாக்குன்னி மாதிரிதானே மா? இதப் போயி யாராவது மொத்தமா கொட்டுவாங்களா? கருவாட்டுக் குழம்புக்கு எப்ப உப்பு போடுவ?" என்று கேட்டார்கள்.

கடைசியில், ருசி பார்த்துவிட்டு.

"அப்ப இதுக்கும் அப்படித்தான்."

நான் யூடியூபில் பார்த்த அத்தனை வீடியோவிலும் கிடைக்காதது அந்த ஒரு வரியில் கிடைத்தது. யோசித்துப் பாருங்கள். மீன் இன்றைக்கு நிறைய வந்துவிட்டது, நாளைக்கு இருக்காது. உப்பு போட்டு, தண்ணீரை எடுத்து, காய வைத்தால் கருவாடு. பால் இன்றைக்கு நிறையக் கறந்தது, நாளைக்குத் திரிந்துவிடும். உறைய வைத்து, தண்ணீரை எடுத்து, உப்பு போட்டால் சீஸ். இரண்டும் பண்டத்தைக் காப்பாற்றக் கண்டுபிடித்த வழி. இரண்டிலும் புரதம் மெதுவாக உடைந்து ருசி ஏறுகிறது, கூடவே வாசனையும் வருகிறது. கைப்பிடி சென்னாக்குன்னி ஒரு சட்டி கத்தரிக்காய்க்குப் போதுமே, அதே மாதிரி முப்பது கிராம் நல்ல சீஸ் நான்கு பேர் டிபனுக்குப் போதும். கொஞ்சமாகப் போட வேண்டும், கடைசியில் போட வேண்டும், அதன் பிறகுதான் உப்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நமக்கு மின்சாரம் இல்லாத நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். என் ஃப்ரிட்ஜில் பால் போனது, பன்னீர் கொழகொழத்துப் போனது, மாவு பொங்கி வழிந்தது. செடார் துண்டு மட்டும் லேசாக வியர்த்து உட்கார்ந்திருந்தது. துடைத்துவிட்டுச் சாப்பிட்டோம். அதுவும் கருவாடும்தான் அந்த வாரம் என் சமையலறையில் நம்பிக்கையாக இருந்தன.

இப்போது கல் காய்ந்துவிட்டது. முதல் பதார்த்தம் ஊத்தப்பம். மெல்லிய முறுகல் தோசை வேண்டாம். அதன் சூட்டில் சீஸ் கருகிப் பிசினாகும். ஒரு கரண்டி மாவு, தடிமனாக. மேலே பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய். மேல்பக்கம் முக்கால் பாகம் வெந்து துளை விழுந்ததும், பாருங்கள், சூட்டைக் குறைத்துவிட்டேன். துருவிய கௌடாவோ செடாரோ இரண்டு மேசைக்கரண்டி, 15 கிராம் இருக்கும். மூடி. ஒரு நிமிடம். அடுப்பை அணைத்துவிட்டு இன்னும் ஒரு நிமிடம் மூடியே இருக்கட்டும். திருப்பிப் போடவே கூடாது. மாவின் ஈரப்பதமும் மாவுச்சத்தும் சீஸைப் பிரியாமல் பிடித்துக்கொள்ளும். துருவித்தான் போட வேண்டும். துண்டாகப் போட்டால் வெளியே உருகி முடிவதற்குள் உள்ளே கட்டியாகவே இருக்கும்.

துண்டாகப் போடக்கூடிய ஒரே இடம் இந்தப் பணியாரச் சட்டி. அடுப்பங்கரையில் அவன் இல்லையே, பேக் பண்ண முடியாதே என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். குழியில் பாதி மாவு, நடுவில் கொண்டைக்கடலையைவிடச் சற்றுப் பெரிய சீஸ் துண்டு, மேலே மீதி மாவு. சீஸ் கல்லைத் தொடாது. சுற்றிலும் மாவு வேகிற ஆவியில் உள்ளே மெதுவாக இளகும். ஏழு குழிக்கு 35 கிராம் போதும். மாவில் பாதி உப்பு போடுங்கள். சட்டினி காரமாக மட்டும் இருக்கட்டும், உப்பு வேண்டாம். ஆற விடாமல் சாப்பிட வேண்டும், ஆனால் குழந்தைகளுக்குப் பிட்டு ஆற்றிக் கொடுங்கள், உள்ளே இருக்கிற சீஸ் நாக்கைச் சுட்டுவிடும்.

அடுத்தது இறால். எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இறாலை விட்டுவிட்டுப் பேசினால் தெருவில் இறங்க முடியாது. மீனோடு சீஸ் சேரக் கூடாது என்று இத்தாலியர்கள் சொல்வார்கள் என்று படித்திருப்பீர்கள். கிரேக்கர்கள் அதைக் கேட்பதில்லை. அங்கே தக்காளித் தொக்கில் இறாலைப் போட்டு, மேலே ஃபெட்டா சீஸை உதிர்த்துச் சாப்பிடுவது சாதாரண வீட்டுச் சமையல். நம் இறால் தொக்குக்கும் அதற்கும் இடையில் கறிவேப்பிலைதான் வித்தியாசம்.

உரித்துச் சுத்தம் செய்த இறால் கால் கிலோ. நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஆறு பல், கறிவேப்பிலை. மூன்று தக்காளி, ஒரு கரண்டி மிளகாய்த் தூள், கொஞ்சம் மஞ்சள். உப்பு போடாதீர்கள். கை தானாகப் போகும், பிடித்துக்கொள்ளுங்கள். தக்காளி சுண்டி எண்ணெய் பிரிந்ததும் இறாலைப் போட்டு மூன்று நான்கு நிமிடம். இறால் அரை வட்டமாக வளைந்தால் வெந்தது, முழு வட்டமாகச் சுருண்டால் ரப்பர். அடுப்பை அணைத்த பிறகு ஃபெட்டா 50 கிராம் உதிர்த்துத் தூவி, இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். ஃபெட்டா உருகாது, மெத்தென்று ஆகும், அவ்வளவுதான். இப்போது ருசி பாருங்கள். உப்பு வேண்டுமென்றால் ஒரு சிட்டிகை. ஒன்பது தடவையில் எட்டுத் தடவை வேண்டியிருக்காது. ஆப்பத்தோடு நன்றாக இருக்கும். டீக்கடை பன்னைக் கல்லில் வாட்டித் தொட்டுச் சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்கும். இறால் சாப்பிடாதவர்கள் அதே தொக்கில் கத்தரிக்காயோ காளானோ போடலாம்.

உப்பைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள் உப்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. 100 கிராம் ஃபெட்டாவில் மட்டுமே இரண்டு கிராமுக்கு மேல் இருக்கும். நம் கட்டடத்தில் பி.பி. மாத்திரை சாப்பிடாத வீடு எத்தனை? என் வீட்டுக்காரருக்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்ன பிறகு அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து முகம் சுளித்த ஆறு மாதம் இருக்கிறதே, அதை நான் மட்டும்தான் அறிவேன். சீஸை மேலே கூடுதலாகத் தூவினால் அது கெடுதல். உப்பை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் 15 கிராம் சீஸ் வைத்தால் அவருக்குச் சாப்பாடு ருசிக்கிறது, அளவும் மீறவில்லை. ஆனாலும் தினமும் தருவதில்லை, வாரத்தில் இரண்டு நாள். அப்பளமும் ஊறுகாயும் அன்றைக்கு இலையில் கிடையாது. உங்கள் வீட்டில் எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹலூமி என்று ஒன்று இருக்கிறது, சைப்ரஸ் தீவுக்காரர்களுடையது, நம்மவர்களும் இப்போது செய்கிறார்கள். உருகவே உருகாது. விரல் தடிமனில் வெட்டி, எண்ணெய் இல்லாமல் காய்ந்த கல்லில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வையுங்கள், பொன்னிறமாக வரும். சைப்ரஸில் கோடையில் தர்பூசணியோடு சாப்பிடுவார்கள். சித்திரை வெயிலில் செய்து பாருங்கள், மேலே மிளகுத் தூள், எலுமிச்சை. அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆட்டுப்பால் சீஸ் மிருதுவாக, லேசான புளிப்போடு இருக்கும். சின்னச் சின்ன உருண்டையாக்கி இட்லிப் பொடியில் புரட்டி, சூடான இட்லியைப் பிட்டு நடுவில் வைத்துச் சாப்பிடுங்கள். எண்ணெயே தேவைப்படாது. முந்தின நாள் பீட்ரூட் பொரியல் மிஞ்சியிருந்தால் வாட்டிய ரொட்டியில் அதைப் பரப்பி, இதை மேலே தடவுங்கள். பீட்ரூட் பிடிக்காது என்று எழுந்து போகிற பிள்ளைகள் என் வீட்டில் இப்படித்தான் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

கெட்டிச் சீஸைத் துருவித் துருவிக் கடைசியில் தோல் மிஞ்சும். குப்பையில் போடாதீர்கள். மெழுகு பூசியதோ பிளாஸ்டிக் பூசியதோ என்றால் போட்டுவிடுங்கள், இயற்கையான தோல் என்றால் கழுவிவிட்டுப் பாசிப்பருப்பு வேகும்போது ஒரு துண்டு உள்ளே போடுங்கள். பருப்பு வெந்ததும் எடுத்துவிடலாம். அந்தப் பருப்பில் பூண்டு தாளித்துச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு வந்து என்னிடம் சொல்லுங்கள்.

வைத்துக்கொள்கிற விஷயம். நாம் கடலோரத்தில் இருக்கிறோம், அப்பளமே அரை மணியில் நமுத்துப்போகிற காற்று. சீஸை பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றினால் வியர்த்துக் கொழகொழக்கும், திறந்து வைத்தால் காய்ந்து வெடிக்கும். பட்டர் பேப்பரில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டில் வையுங்கள். கெட்டிச் சீஸை ஃப்ரீசரில் வைத்தால் கெடாது, ஆனால் அமைப்பு உடைந்துவிடும், குருமா வீட்டுக்கு அடுத்த வீட்டைக் கேளுங்கள். கெட்டிச் சீஸில் ஒரு ஓரம் பூஞ்சை பிடித்தால் அதைச் சுற்றி ஓர் அங்குலம் ஆழமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். மிருதுவான சீஸ், பன்னீர், ஃபெட்டா என்றால் அந்தச் சலுகை கிடையாது. முழுவதும் குப்பைதான். பூஞ்சையாலேயே பழுக்க வைக்கிற வெள்ளைத் தோல், நீல நரம்புச் சீஸ்கள் வேறு கதை, அவற்றில் இருப்பது செய்தவர்களே போட்டது.

இனி வாசனை. இதைச் சொல்லாமல் இறங்கினால் நான் பேசியதில் அர்த்தமில்லை.

உப்புத் தண்ணீரால் தோலைக் கழுவிக் கழுவிப் பழுக்க வைக்கிற ஒரு வகைச் சீஸ் உண்டு. அந்தத் தோலில் வளர்கிற பாக்டீரியாவும் வேர்த்த காலில் நாற்றம் உண்டாக்குகிற பாக்டீரியாவும் நெருங்கிய சொந்தக்காரர்கள். ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டில் அப்படி ஒன்றைப் பிரித்தேன். பத்து நிமிடத்தில் எதிர் வீட்டிலிருந்து மணி அடித்தார்கள். "மேடம், டிரெயினேஜ் அடைச்சிருக்கா? வராண்டா பூரா வாடை." சீஸ் என்றேன். "ஓ, சீஸா! எங்க வாங்கினீங்க?" என்று உள்ளே வந்து உட்கார்ந்து இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நல்ல மனிதர்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

போன வருடத்திலிருந்து நம் லிஃப்டில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. 'துர்நாற்றம் வீசும் உணவுப் பொருட்களைச் சமைப்பதைத் தவிர்க்கவும்' என்று. கருவாடு என்ற சொல் அதில் இல்லை. யாருக்கு எழுதியது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு இரண்டாவது மாடி அக்கா தன் வீட்டில் கருவாடு சமைப்பதில்லை. வேண்டும் என்றால் அம்மா வீட்டுக்குப் போய்ச் சமைத்து டிபன் கேரியரில் கொண்டுவந்து, ஜன்னலை மூடிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். நான்கு தலைமுறையாக இந்தக் கரையில் மீன் காய வைத்த குடும்பம். நாம் எல்லோரும் இங்கே வந்து எத்தனை வருடம் ஆகிறது? அந்தக் காகிதத்தை ஒட்டியபோது நானும் கமிட்டியில் இருந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் அந்த வாசனை பிடிக்காது, பேசாமல் இருந்துவிட்டேன். என் சீஸுக்கு லிஃப்டில் யாரும் காகிதம் ஒட்டவில்லை.

வாசனை தொந்தரவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கர்ப்பமாக இருக்கிறவர்கள், ஆஸ்துமா இருக்கிறவர்கள், சைவம் சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் இங்கே இருக்கிறோம். அதற்கு எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது, வராண்டா கதவைச் சாத்திவிட்டுக் கடல் பக்க ஜன்னலைத் திறக்கிற பழக்கம் இருக்கிறது, முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்கிற மரியாதை இருக்கிறது. இந்த மூன்றும் என் சீஸுக்கும் பொருந்தும். காகிதத்தை எடுத்துவிட்டு இந்த மூன்றையும் எழுதி ஒட்டலாம் என்று கமிட்டிக்கு மனு எழுதியிருக்கிறேன். இதுவரை பதினோரு வீட்டில் கையெழுத்து. மேஜை ஓரத்தில் இருக்கிறது, தட்டு வாங்க வரும்போது பார்த்துவிட்டு, சரி என்று பட்டால் போடுங்கள்.

உட்காருங்கள், கேள்விகள் முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

சைவமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. பாலை உறைய வைக்கிற ரென்னட் பழைய முறையில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்தது. இப்போது நுண்ணுயிரியிலிருந்து எடுப்பதும் இருக்கிறது. உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள், வெளிநாட்டிலிருந்து வந்ததில் கட்டாயம் பாருங்கள். இன்றைக்கு மேஜையில் இருக்கிற சீஸ் எல்லாம் பச்சைப் புள்ளி. ஊத்தப்பக் கல்லும் இறால் சட்டியும் தனித்தனி, கரண்டியும் தனி.

கர்ப்பிணிகள் சாப்பிடலாமா? பாஸ்டுரைஸ் செய்த பாலில் செய்த கெட்டிச் சீஸ் பொதுவாகப் பிரச்சினை இல்லை. வெள்ளைத் தோல் மிருதுச் சீஸ், நீல நரம்புச் சீஸ், தோல் கழுவிய வகை எல்லாவற்றையும் அந்தப் பத்து மாதம் தள்ளி வையுங்கள். லிஸ்டீரியா என்ற கிருமி அவற்றில் வளரக்கூடும், குழந்தைக்கு ஆபத்து.

பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள் சீஸ் சாப்பிடலாமா என்று ஒரு தாத்தா கேட்டிருக்கிறார். மாதக்கணக்கில் பழுத்த கெட்டிச் சீஸில் பால் சர்க்கரை மிகக் குறைவு. பெரும்பகுதி வடிகிற தண்ணீரோடு போய்விடும், மிச்சத்தை பாக்டீரியா தின்றுவிடும். கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்கள் தாத்தா, வயிறு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த துண்டு.

கடையில் மலிவாகக் கிடைப்பது சீஸ்தானா? லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்ததென்றால் அதைச் சீஸ் என்று விற்கக் கூடாது, 'அனலாக்' என்று குறிப்பிட வேண்டும் என்பது விதி. பாக்கெட்டில் எழுதியிருக்கும், ஹோட்டல் தட்டில் எழுதியிருக்காது.

இவ்வளவு விலை கொடுக்க முடியாது, வேறு வழி? இருக்கிறது. பால் திரிந்தால் வீட்டுக்கு ஆகாது என்று என் மாமியார் சொல்வார், நான் வேண்டுமென்றே திரிப்பேன். ஒரு லிட்டர் கெட்டிப் பால், கொதித்ததும் அணைத்து, ஓர் எலுமிச்சைச் சாறு கொஞ்சம் கொஞ்சமாக. வெள்ளைத் துணியில் வடிகட்டி, குழாய்த் தண்ணீரில் ஒரு அலசு, அம்மிக் குழவியைத் தூக்கி மேலே வையுங்கள், அரை மணி. 150 கிராமுக்கு மேல் பன்னீர் கிடைக்கும். வடிந்த தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசையுங்கள். உப்பே இல்லாத சீஸ் இது, பி.பி. வீடுகளுக்கு இதுதான் முதல் தேர்வு. அன்றைக்கே, அல்லது மறுநாளைக்குள் தீர்த்துவிடுங்கள்.

அடுத்த கூட்டு ஆர்டர் வருகிற மாதம் பத்தாம் தேதிக்குள். இந்த முறை வீட்டுக்கு 100 கிராம்தான், கௌடா ஒன்று, ஃபெட்டா ஒன்று. பெயர் கொடுப்பவர்கள் டப்பாவையும் சேர்த்துக் கொடுங்கள், போன முறை போன என் நான்கு டப்பா இன்னும் திரும்பவில்லை. அடுத்த காலாண்டில் இதே மேஜையில் இரண்டாவது மாடி அக்கா நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு செய்து காட்ட ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். காற்று கடல் பக்கமாக அடிக்கிற நாளாகப் பார்த்து வைப்போம் என்று அவர்களே சொன்னார்கள். இப்போது வாருங்கள், பணியாரம் முதலில், சூடாக இருக்கிறது, பார்த்து.